வெஸ்ஸின் இடது கைச் சுட்டுவிரல்

செவ்வாய்க்கிழமை காலை டலீடோ அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சி மைதானத்தில் ஐந்து பேரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஐந்து பேரும் எதிரியை மறித்து வீழ்த்துகிற லைன்பேக்கர்கள், ஐந்து பேரும் வேலை போனவர்கள். காலியாக இருந்தது ஒரே இடம், அதுவும் பெஞ்சில். டிசம்பர் குளிரில் மூக்கு ஒழுக ஓடினார்கள், குனிந்தார்கள், பக்கவாட்டில் நகர்ந்தார்கள், பஞ்சு மூட்டையை இடித்துத் தள்ளிக் காட்டினார்கள். ஒரு மணி நேரம் கழித்து நாலு பேருக்கு ஆளுக்கொரு சாண்ட்விச்சையும் விமான டிக்கெட்டையும் கொடுத்து வேனில் ஏற்றிவிட்டு, ஆல்டன் ப்ரூசார்டை மட்டும் மாடிக்கு வரச் சொன்னார்கள்.

ஆல்டனுக்கு இருபத்தொன்பது வயது. ஏழு வருஷத்தில் இது ஆறாவது அணி. இதற்கு முன்னால் இருந்த ஒமாஹா அணிதான் அவனை இரண்டு வருஷம் முழுசாக வைத்துக்கொண்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் அவர்களும் அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவனுக்குள் என்னமோ மரத்துப்போயிருந்தது. சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பும் வந்தது. ஆனால் பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரிதான் எல்லாம் இருந்தது. இப்போது கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டியபோதும் அப்படியேதான் இருந்தது. போட்டான்.

கீழே வந்ததும் ஏஜெண்ட் ரூபினிடமிருந்து போன்.

"ஞாயித்துக்கிழமை அவங்க யாரோட ஆடுறாங்கன்னு பார்த்தியா?"

"பார்த்தேன். ஒமாஹா."

"தெரிஞ்சா சரி. உன் காலுக்காக மட்டும் கூப்பிடலைப்பா. தலைக்குள்ள இருக்கிறதுக்கும் சேர்த்துதான். கேட்டா தாராளமா கொடு."

"கொடுத்தா அப்புறமும் வச்சுப்பாங்களா ரூபின்?"

"கொடுக்கலைன்னா வச்சுக்க மாட்டாங்க. அதை மட்டும் நான் எழுதியே தருவேன்."

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எல்லா அணியும் செய்கிற வேலைதான். எதிரி கழற்றிவிட்ட ஆளை அந்த எதிரியோடு ஆடப்போகிற வாரத்தில் பிடித்து வந்து, நாலு நாள் உட்காரவைத்துக் கறந்துவிட்டு, ஆட்டம் முடிந்த செவ்வாய்க்கிழமை கறிவேப்பிலையாகத் தூக்கிப் போடுவார்கள். போடப்பட்டவனும் கோபித்துக்கொள்வதில்லை. அடுத்த அணிக்கு அவனும் ஒருநாள் போய் இதையேதான் விற்கப்போகிறான்.

உடைமாற்றும் அறையில் லாக்கர்களுக்கு மேல் மற்றவர்கள் பெயரெல்லாம் உலோகப் பலகையில் இருந்தது. ஆல்டனின் லாக்கரில் வெள்ளை டேப் ஒட்டி மார்க்கரில் எழுதியிருந்தது. சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிற லூ என்கிற பெரியவர்தான் ஒட்டினார். எழுத்தில் ஒரு 's' குறைந்தது.

"பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு சார்."

"பலகை அடிக்கிற வரைக்கும் நீ இருந்தா, அதுல சரியா அடிச்சுத் தரேன்" என்றார் லூ. அவர் கிண்டல் செய்யவில்லை, நடைமுறையைத்தான் சொன்னார்.

லஃபயெட்டில் இருந்த மனைவி ரெனெலுக்குப் போன் செய்து கையெழுத்தான விஷயத்தைச் சொன்னான். அவள் அந்தப் பக்கம் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. பின்னாலேயே ஆறு வயது மகள் ஜூனின் குரல் கேட்டது.

"அப்பா, இந்த ஊர்ல எத்தனை நாளு?"

"பார்க்கலாம்டா கண்ணு."

"போன தடவையும் பார்க்கலாம்னுதான் சொன்னே."

அவன் போனை வைத்தான். அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான், அடுத்த செவ்வாய்க்கிழமையைத் தாண்ட வேண்டும். இந்த வயதில் இன்னொரு தடவை வெளியே போட்டால் ஏழாவது அணியிலிருந்து போன் வராது. அது ரூபினுக்குத் தெரியும், ரெனெலுக்குத் தெரியும், ஐந்து பேரில் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்த ஆல்டனுக்கும் தெரியும்.

மூன்றாவதாக வந்தவனை ஏன் எடுத்தார்கள் என்றால், ஸ்பெஷல் டீம். பத்து கஜம் முன்னேற ஒரு அணிக்கு நாலு முயற்சிதான், நாலாவதிலும் தேறாது என்று தெரிந்தால் பந்தைத் தூர உதைத்து எதிரியிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த உதைக்காக மட்டும் மைதானத்துக்குள் ஓடிவந்து, எலும்பு நொறுங்க மோதிவிட்டு, மறுபடி பெஞ்சுக்கு ஓடுகிற கூட்டம்தான் அது. அவர்கள் பெயரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஜெர்சி வாங்குகிறவர்கள் அவர்கள் எண்ணைக் கேட்பதும் இல்லை. பெஞ்சு லைன்பேக்கருக்கு அன்றாடச் சோறு அதில்தான்.

ஒமாஹாவில் ஆல்டன் அதில் பேர் எடுத்திருந்தான். உதைப்பவனுக்கும் பந்தை எறிகிறவனுக்கும் நடுவில் காவல் நிற்பது அவன் வேலை. எறிகிறவன், அதாவது ஸ்னாப்பர், வெஸ் ஹாலரன். குனிந்து, தலையைக் கவிழ்த்து, கால்களுக்கு நடுவே பந்தைப் பதினைந்து கஜம் பின்னால் எறிவதற்கு மட்டுமே சம்பளம் வாங்குகிறவன். பதினொரு வருஷமாக ஒன்றுகூடத் தப்பியதில்லை. முதல் வருஷம் நவம்பரில் ஒரு குளிர் நாளில்தான் ஆல்டன் அதைப் பார்த்தான். எறிவதற்குச் சரியாக ஒரு கண் இமைப்புக்கு முன்னால், வெஸ்ஸின் இடது கைச் சுட்டுவிரல் பந்தை விட்டு எழுந்து மறுபடி படிந்தது. அடுத்த முறையும் அப்படியே.

ஆட்டம் முடிந்து பார்க்கிங்கில் வைத்துக் கேட்டான்.

"மச்சான், அந்த விரலு என்ன?"

வெஸ் முகம் வெளுத்துவிட்டது. "யாருக்கும் தெரியுமா?"

"எனக்கு மட்டும்தான். உன் பின்பக்கத்தை ஆட்டம் முழுக்கப் பார்த்துட்டு நிக்கிறவன் நான் ஒருத்தன்தானே."

வெஸ் சிரிக்கவில்லை. அந்த விரல் இரண்டு வருஷம் முன்னால் உடைந்தது, குளிர் வந்தால் அதில் உணர்ச்சியே இருக்காது, எறிவதற்கு முன் அது இருக்கிறதா என்று தூக்கி வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், விடவும் முடியவில்லை என்றான். எதிரியில் ஒருவன் கண்டுகொண்டால் போச்சு. எப்போது பந்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவன் அரை எட்டு முன்னால் கிளம்பி உதைப்பவன் காலிலேயே விழுந்துவிடுவான். அணியும் அதோடு வெஸ்ஸை வீட்டுக்கு அனுப்பிவிடும். "இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்டா" என்றான்.

போனது. அதோடு ஆல்டனுக்கும் லாபம்தான். அந்த விரலைப் பார்த்தே அவன் மற்ற எல்லோரையும்விட அரை எட்டு முன்னால் கிளம்பினான். அவன் எடுத்த பேரில் பாதி அந்த விரல் கொடுத்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் வேலை போன அன்று காலை, பயிற்சிக்குப் போக வேண்டியதை விட்டுவிட்டு அவனை விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டவனும் வெஸ்தான். பயிற்சிக்கு வராததற்காக வெஸ் அபராதம் கட்டப்போகிறான் என்று இறங்கும்போது ஆல்டனுக்குத் தெரிந்தது.

புதன்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் ஸ்பெஷல் டீம் கோச் ரேடமாக்கர் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். ஒல்லியான மனுஷர், முட்டையின் மஞ்சளை ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுகிறவர். நோட்டைத் திறந்தார். ஆல்டன் எல்லாம் சொன்னான். எந்தக் கூச்சலுக்கு என்ன அர்த்தம், எந்தப் பக்கம் பலம் குறைவு, உதைப்பவனுக்கு இடது பக்கம் உதைக்கப் பிடிக்காது என்பது வரை சொன்னான்.

"இதெல்லாம் உன்னை நாங்க எடுத்த அன்னைக்கே மாத்தியிருப்பானுங்க" என்றார் கோச், எழுதிக்கொண்டே.

"மாத்தியிருப்பாங்க."

"மாத்த முடியாதது ஏதாச்சும் இருந்தா சொல்லு. வாயில வர்றதை ஒரு நாள்ல மாத்தலாம். உடம்புல இருக்கிறதை மாத்த முடியாது."

"அப்படி ஒண்ணும் இல்லை கோச்."

அவர் நோட்டை மூடினார். "சரி. யோசிச்சுப் பாரு. லேண்டிங்கோட கால் அடுத்த வாரம் சரியாயிடும்னு டாக்டர் சொல்றாரு." லேண்டிங் என்பவனின் இடத்தில்தான் ஆல்டன் இருந்தான். கோச் மிரட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் வெஸ்ஸிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'டலீடோ கேள்விப்பட்டேன். சந்தோஷம்டா. ஞாயிறு பார்ப்போம்.' விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு வார்த்தை இருந்திருந்தால், வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்று விளையாட்டுக்காவது எழுதியிருந்தால், ஆல்டனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். 'நன்றி மச்சான்' என்று பதில் அனுப்பினான்.

வியாழக்கிழமை கோச் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையும் எடுக்கவில்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்து முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். ஆல்டன் ஓட்ஸ் கஞ்சியில் பழுப்புச் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை. எழுந்து போய் அவருக்கு எதிரில் கிண்ணத்தை வைத்து உட்கார்ந்தான்.

"ஸ்னாப்பருக்கு இடது கை சுட்டுவிரல் எழும் கோச். குளிர்ல. எழுந்து படிஞ்ச உடனே பந்து வந்துடும்."

ரேடமாக்கர் முட்டையைக் கீழே வைத்தார். "எப்பவுமா?"

"குளிர்ல எப்பவும்."

"ஞாயித்துக்கிழமை தண்ணி உறையற குளிரு, பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகும்ங்கிறான்." நோட்டைத் திறந்தவர் எழுதாமல் மூடினார். "யார்கிட்டயும் சொல்லாதே. நீ மட்டும் விரலைப் பாரு. மத்தவனுங்க எல்லாம் அதையே முறைச்சா அந்தப் பக்கம் பெஞ்சு கண்டுபிடிச்சுடும். ஒரே தடவைதான் கிடைக்கும் நமக்கு. நான் எப்போ சொல்றேனோ அப்போ."

ஆல்டன் திரும்பி வந்து மீதிக் கஞ்சியைச் சாப்பிட்டான். தன் மேல் வெறுப்பு வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சர்க்கரை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடியே குளிர் கொன்றது. ஏரிக் காற்று ஒரு பக்கமாக வீசியது. பெஞ்சுக்குப் பின்னால் சூடான காற்றை ஊதுகிற ஹீட்டர் வைத்திருந்தும் தண்ணீர்ப் பாட்டில்கள் உறைந்துபோயின. ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடாக்க ஓடும்போது நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் வெஸ் குனிந்து எறிந்துகொண்டிருந்தான். நிமிர்ந்தபோது ஆல்டனைப் பார்த்துவிட்டுத் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான். நீ குண்டாகிவிட்டாய் என்று அர்த்தம். ஆல்டனும் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

ஒமாஹா நாலு தடவை பந்தை உதைத்தது. நாலு தடவையும் ஆல்டன் எதிர் வரிசையில் நின்று அந்தக் கையை மட்டும் பார்த்தான். நாலு தடவையும் விரல் எழுந்தது, படிந்தது, பந்து போனது. கோச் ஒவ்வொரு தடவையும் கையைக் கட்டிக்கொண்டே நின்றார், சைகை கொடுக்கவில்லை. ஆல்டன் வேகம் காட்டாமல் எல்லோரோடும் சேர்ந்தே கிளம்பினான். அதற்கு நடுவில் டலீடோ உதைத்தபோதெல்லாம் ஓடிப்போய் மூன்று பேரை வீழ்த்தினான். அதில் ஒருவனை விழத்தட்டிய சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

கடைசி இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஒமாஹா பத்தொன்பது, டலீடோ பதினேழு. கடிகாரத்தை நிறுத்த டலீடோவுக்கு வாய்ப்பு எதுவும் மிச்சமில்லை. ஒமாஹாவுக்கு நாலாவது முயற்சி, மூன்று கஜம் தேவை. உதைத்துத்தான் ஆக வேண்டும். அந்த உதையைத் தடுத்து விழுத்தினால் ஆட்டம் டலீடோ கையில். தடுக்கவில்லை என்றாலும் பந்து டலீடோவிடம் வரும், தேற்றிவிடலாம். செய்யக் கூடாதது ஒன்றே ஒன்றுதான். பந்து அசைவதற்கு முன்னால் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஐந்து கஜம் தண்டம், மூன்று கஜம் தேவைப்பட்டவனுக்கு ஐந்து கஜம் சும்மா கிடைக்கும், பந்து அவர்களிடமே இருக்கும், அப்புறம் மணியை ஓட்டிவிட்டுக் கை குலுக்கப் போய்விடுவார்கள்.

ரேடமாக்கர் கட்டியிருந்த கையை அவிழ்த்துத் தொப்பியைத் தொட்டார். அதுதான் சைகை.

ஆல்டன் விரல்களைத் தரையில் ஊன்றிக் குனிந்தான். வெஸ் இரண்டு கஜம் தள்ளி, தலைகீழாக, வாயிலிருந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தான். கையில் தோல் வெடித்திருந்தது. விரல் எழுந்தது. படிந்தது.

ஆல்டன் பாய்ந்தான். இரண்டு பேருக்கு நடுவே தோளைச் செருகி உள்ளே போய்விட்டான். எதிரே உதைப்பவன் வெறும் கையோடு நின்றுகொண்டிருந்தான். விசில் அடித்தது. தண்டம் என்று நடுவர் வீசிய மஞ்சள் கொடி ஒன்று காற்றில் பறந்து வந்து அவன் காலடியில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் வெஸ் இன்னும் குனிந்தபடியே இருந்தான், பந்து இன்னும் அவன் கையில் இருந்தது.

வெஸ் மெதுவாக நிமிர்ந்தான். ஒமாஹா பெஞ்சு குதித்துக் கொண்டாடியது. ஒருவன் ஓடிவந்து வெஸ்ஸின் ஹெல்மெட்டைத் தட்டினான். அவன் அதைக் கவனிக்கவில்லை. ஆல்டனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி ஓடி முடிந்தது. இரண்டு அணியும் நடுவில் கலந்து கை குலுக்கிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஆல்டன் தலையைக் குனிந்துகொண்டு சுரங்கப் பாதையைப் பார்த்து நடந்தான். பின்னாலிருந்து யாரோ ஜெர்சியைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"இரு" என்றான் வெஸ்.

இரண்டு பேரும் நின்றார்கள். ஆல்டன்தான் கேட்டான்.

"வேணும்னே தூக்கினியா?"

"ஆமா." வெஸ் கையுறை இல்லாத கையை வாயருகே கொண்டுபோய் ஊதினான். "நீ டலீடோ போன அன்னைக்கே எங்க கோச் ஒவ்வொருத்தனா கூப்பிட்டுக் கேட்டாரு, அவனுக்கு நம்ம கிட்ட என்னென்ன தெரியும்னு. நான் மறைக்கலை. விரலைச் சொல்லிட்டேன். வேலை போனா போகட்டும்னுதான் சொன்னேன். அவரு சிரிச்சாரு. நல்லதாப் போச்சு, மத்த தடவையெல்லாம் நிஜமா எறி, அவசரம் வர்றப்போ தூக்கிட்டுச் சும்மா இருன்னாரு."

"நல்ல யோசனை" என்றான் ஆல்டன்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா? வேஸ்ட் கோச், அவன் தாவ மாட்டான்னு சொன்னேன். அந்தப் பையன் சொல்லியிருக்கவே மாட்டான்னு சொன்னேன். பந்தயமே கட்டினேன்டா. தாவலைன்னா நமக்கு நஷ்டமில்லையே, தூக்கித்தான் பாரேன்னாரு."

ஆல்டன் எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான். குளிரில் உதடு கட்டையாகியிருந்தது. மகளைப் பற்றிச் சொல்லலாம், வயதைப் பற்றிச் சொல்லலாம், ஐந்து பேரில் மூன்றாவதாக வந்ததைச் சொல்லலாம். எல்லாம் நிஜம்தான். அவன் ஹெல்மெட் வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினான்.

"டெஸா ரெனெலை விசாரிச்சதா சொல்லச் சொன்னா" என்றான் வெஸ். டெஸா அவன் மனைவி. அவன் கோபமாகச் சொல்லவில்லை. ஜெர்சியை விட்டுவிட்டுத் தன் ஆட்கள் பக்கம் நடந்தான். இடது கையை அக்குளில் செருகிக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆல்டன் சீக்கிரமே வந்து லாக்கரைக் காலி செய்ய ஆரம்பித்தான். செருப்பு, சோப்பு, ஜூன் வரைந்து கொடுத்த நீலக் குதிரை. பைக்குள் போட்டு ஜிப்பை இழுக்கும்போது ரேடமாக்கர் வந்து நின்றார்.

"எங்கே கிளம்பிட்டே?"

"கொடி என்னால விழுந்தது கோச்."

"விரல் எழுந்துச்சு. நான் வீடியோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். உன் மேல தப்பில்லைன்னு மாடியில சொல்லிட்டேன்." பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். "லேண்டிங் கால் தேறலை, சீசன் முடிஞ்சுது அவனுக்கு. அது போகட்டும். நீ மூணு பேரை விழுத்தினே, அதுவும் போகட்டும். நான் கேட்டேன், நீ கொடுத்தே. சிநேகிதன்னு பார்க்காம கொடுத்தே. அந்த மாதிரி ஆள் கிடைக்கிறது கஷ்டம்ப்பா. உன்னை மாதிரி ஒருத்தன் எனக்கு வேணும்."

அவர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பாராட்டு மனப்பூர்வமானது. ஆல்டன் பையின் ஜிப்பைத் திறந்தான். குதிரைப் படத்தை எடுத்து மறுபடி லாக்கருக்குள் ஒட்டினான்.

லூ ஸ்குரூ டிரைவரோடு வந்தார். டேப்பைக் கிழித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, பலகையை வைத்து நாலு மூலையிலும் முடுக்கினார். இந்த முறை எழுத்தெல்லாம் சரியாக இருந்தது.

"ரெண்டு 's'. எண்ணிப் பார்த்துக்கோ" என்றார்.

"சரியா இருக்கு சார்."

மைதானத்துக்கு வெளியே காரில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தான். வச்சுக்கிட்டாங்க என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் ரெனெல் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகைக்கு நடுவிலேயே ஜூனைக் கூப்பிட்டு, சாமான் கட்டலாம், பள்ளிக்கூடம் பார்க்கலாம், டலீடோவில் பனி பார்க்கலாம் என்று என்னென்னமோ சொன்னாள்.

"அந்தக் கொடி போனாப் போகுது விடு. டிவியில ஆயிரம் தடவை காட்டினான், நான் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கிட்டேன். ஏய், கேக்குறியா?"

"கேக்குறேன்."

"வெஸ்கிட்ட சொன்னியா? முதல்ல அவனுக்குச் சொல்லு. நம்மளைவிட அவன்தான் சந்தோஷப்படுவான். நீ வேலை போய் வந்தப்போ தினம் எனக்குப் போன் பண்ணி, இவனை யாராச்சும் எடுத்தே தீருவாங்க, இவனை மாதிரி நம்பிக்கையான ஆளை நான் பார்த்ததில்லைன்னு அவன்தானே சொல்லிட்டே இருந்தான்."

தினம் போன் செய்தது ஆல்டனுக்கு இதுவரை தெரியாது. கார்க் கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தது. இடது கையை அதில் வைத்தான். நாலு வாரமாக உறைக்காத குளிர் அந்தக் கை வழியாக ஏறியது, தோள் வரைக்கும் வலித்தது. அவன் கையை எடுக்கவில்லை.

"ஆல்டன்? சொன்னியா இல்லையா?"

"அவனுக்குத் தெரியும்" என்றான்.